வாட்டறை வாசனை

தைபே,
ஏப்ரல் 20

அன்புள்ள செல்வம்,

உன் அப்பாவின் காரியத்துக்கு வர முடியாமல் போன பிறகு எட்டு மாதங்களாக உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன், மன்னித்துக்கொள். இங்கே வேலையும் உடம்பும் நன்றாகவே இருக்கின்றன. அந்தக் கம்பளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று மீனாக்காவிடம் சொல். இப்போது எழுத வைத்தது ஒரு தேநீர். அதைக் குடித்ததிலிருந்து உன் அப்பாவின் நினைவாகவே இருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிங்லின் என்ற மலையூருக்குப் போயிருந்தேன். தைபேக்குக் குடிநீர் தரும் ஃபெய்சுய் அணைக்கு மேலே, பெய்ஷி ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் அங்கே கட்டுப்பாடுகள் அதிகம், தேயிலைதான் பிழைப்பு. அவர்கள் செய்வது வென்ஷான் பாவோசோங் என்ற ஊலோங், அதாவது பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட தேயிலை. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் 'நொதித்தல்' என்கிறோமே, இலையின் சொந்த நொதி காற்றுபட்டு அதைச் சிவக்க வைக்கும் அந்த வேலை, கறுப்புத் தேயிலையில் ஏறக்குறைய முழுமையாக நடக்கிறது. இதில் 10 முதல் 15 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்துவதற்கு முன்னால் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பறித்த இலையைச் சிறிது நேரம் வெயிலில் வாட்டி, பிறகு உள்ளே மூங்கில் தட்டுகளில் பரப்பி, ஒரு மணி, இரண்டு மணிக்கொரு முறை கைகளால் மெல்ல அள்ளிப் புரட்டி ஆறவிடுகிறார்கள். நான் போன வீட்டு அம்மாள் ஒரு இலையை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்: நடுப்பகுதி பச்சையாகவே இருக்க, விளிம்பில் மட்டும் நூல் ஓட்டியதுபோல ஒரு செம்பழுப்புக் கோடு. அந்தச் சிறு காயத்துக்கு இலை தரும் பதில்தான் பூவாசனை. முதலில் பச்சைப் புல்லாக மணந்த தட்டு, இரவு ஏறியதும் பூக்கூடையாக மணந்தது. மணம் சரியாகத் திரண்ட நேரத்தில் சூடான கொப்பரையில் புரட்டி நொதியை அடக்கி, முறுக்கி, உலர்த்திவிடுகிறார்கள்.

அவர் ஒரு கை அள்ளி என் முகத்தருகே நீட்டியபோது கண் கலங்கிவிட்டது, செல்வம். பள்ளி விடுமுறையில் உன் அப்பா நம்மைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் அந்த வாட்டறைக்கு அழைத்துப்போய், தொட்டியிலிருந்து இலையை அள்ளி, "இதுதான்டா தேயிலையின் நல்ல வாசனை; மிஷினுக்குள் போனால் வராது" என்பாரே, அதே வாசனை. இவர்கள் அதை மிஷினிடம் கொடுக்காமல் கோப்பை வரை காப்பாற்றிக் கொண்டுவருகிறார்கள்.

'பாவோசோங்' என்ற பெயர் காகிதத்தில் பொதிந்து விற்றதால் வந்தது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து ஆன்ஷியில் பிறந்த இந்த முறை 1881 வாக்கில் தைவானுக்கு வந்தது. முற்காலத்தில் பூக்களைக் கலந்தே மணமேற்றினார்கள். பூவே இல்லாமல் இலையிலிருந்தே மணத்தை எடுக்கும் வழியைப் பிறகு தைபேயின் நாங்காங் பகுதியில் வாங் ஷுய்ஜின், வெய் ஜிங்ஷி என்ற இருவர் வளர்த்தெடுத்தார்கள்.

உனக்கு 150 கிராம் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். விடுதியில் செய்ததுபோலப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தால் உன்னோடு பேச மாட்டேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டு நிமிடம் ஆறவிடு. மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் 150 மில்லிக்கு 5 கிராம் இலை போட்டு, ஒரு நிமிடத்துக்குள் முழுவதையும் வடித்துவிடு. அதே இலை இன்னும் நான்கு முறை தரும். ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதல் நேரம் விடு. நீர் பச்சை கலந்த பொன்னிறமாக இருக்கும். முதல் வாய் ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல ஓர் இனிப்பு தொண்டையிலிருந்து எழும். பிரித்த பொட்டலத்தை ஏலக்காய் டப்பாவின் பக்கத்தில் வைக்காதே.

இனி மனதிலுள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பறித்த பச்சை இலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கே காணவில்லை, செடிகளைப் பிடுங்கிவிடலாமா என்று நீ கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. வீட்டுக்கு மேலே உள்ள சிற்றிலைச் சீனச் செடிகளையாவது விட்டுவை. பிங்லின்காரர்கள் கொண்டாடும் சிங்சின் வகையும் அதே இனத்துச் செடிதான். நீலகிரியில் ஊலோங் செய்பவர்கள் இப்போதே இருக்கிறார்கள். வெயில் உள்ள ஒரு நாளில் இளங்குருத்தாக இல்லாமல் சற்று விரிந்த இலையாக 2 கிலோ பறித்து, அம்மாவின் முறங்களில் பரப்பிப் பார். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தேறும். முதல் முறை கெட்டுப்போனாலும் நட்டம் அவ்வளவுதான். புரட்டும் நேரங்களை எழுதி அனுப்புகிறேன்.

பொட்டலம் வந்ததும் குடித்துவிட்டு, அது வாட்டறை வாசனைதானா என்று எழுது. எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் நீ சொல்ல வேண்டும்.

உன்,
ரவி