விருந்தினருக்கு நீங்கள் அனுப்பும் பயணத் தாள்

கும்பாபிஷேகம், மாநாடு, கலை நிகழ்ச்சி என்று வெளிநாட்டிலிருந்து ஆட்களை அழைக்கும் கோலாலம்பூர் ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

அழைப்பிதழோடு நீங்கள் அனுப்பும் பயணக் குறிப்பில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: "ஏர்போர்ட்டில் ரயிலேறி கே.எல். சென்ட்ரல் வந்துவிடுங்கள்." அது நகரின் முக்கிய ரயில் நிலையம். இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். திருச்சியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முதல்முறை வருகிறவருக்குப் போதாது. அந்த வரியைத் தமிழில் ஒரு முழுத் தாளாக எழுதி அனுப்புங்கள் என்று கேட்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் முனையத்தை எழுதுங்கள். ஏர் ஏசியாவில் வருபவர் இரண்டாம் முனையத்தில் இறங்குவார், மலேசியா ஏர்லைன்ஸில் வருபவர் முதலாம் முனையத்தில். வரும்போது தொல்லையில்லை, ரயில் இரண்டிலும் நிற்கும். திரும்பும்போதுதான் தவறு நடக்கிறது. சென்ட்ரலில் புறப்படும் ரயில் 28 நிமிடத்தில் முதலாம் முனையத்துக்கு வரும். எல்லாரும் எழுந்திருப்பதைப் பார்த்து இரண்டாம் முனையத்துக்குப் போகவேண்டியவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அடுத்த முனையம் ரயிலில் மூன்றே நிமிடம்தான், ஆனால் அடுத்த ரயில் வரும்வரை நிற்கவேண்டும். செக்-இன் மூடும் நேரத்தில் அந்தக் காத்திருப்பே விமானத்தைத் தவறவிடப் போதும். திரும்பும் விமானத்தின் முனைய எண்ணைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கட்டணத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சென்ட்ரலுக்குப் பெரியவர் ஒருவருக்கு 55 வெள்ளி. நான்கு பேர் என்றால் 220. அதற்குச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார் பெரும்பாலும் பாதிக்கும் கீழே முடியும், பேருந்து அதைவிட மலிவு. தனியாக வருபவருக்கு, அதுவும் சாலை நெரியும் மாலை வேளையில், ரயிலே நல்லது. குடும்பத்தோடு வருபவரை ரயிலுக்கு அனுப்பாதீர்கள். தாளில் மட்டும் 'ரிங்கிட்' என்று எழுதுங்கள். நம் வாயில் வரும் 'வெள்ளி' அவர்களுக்குப் புரியாது.

ஈப்போவுக்கோ ஜொகூருக்கோ பேருந்தில் போகிறவர் சென்ட்ரல் வரைக்கும் வரவேண்டியதே இல்லை. இதுவரை சொன்ன ஏர்போர்ட் ரயிலான எக்ஸ்பிரஸ், முனையங்களுக்கும் சென்ட்ரலுக்கும் இடையில் நிற்காது. அதே பாதையில் இடையிடையே நின்று போகும் டிரான்சிட் ரயிலில் ஏறி பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கினால் மேம்பாலம் வழியாகவே டி.பி.எஸ். பேருந்து நிலையம். கட்டணமும் குறைவு.

அதிகம் குழப்புவது பெயர்கள்தான். நாம் 'பத்துமலை' என்கிறோம், பலகையில் 'பத்து கேவ்ஸ்' என்றிருக்கும். 'கோலாலம்பூரில் இறங்குங்கள்' என்று சொன்னால் கொம்முட்டர் என்னும் புறநகர் ரயிலில் அந்தப் பெயரிலேயே வேறொரு நிலையம் உண்டு, சென்ட்ரலுக்கு அடுத்தது, 1910இல் கட்டிய பழைய நிலையம். ஆகவே பலகையில் உள்ள பெயரை அதே ரோமன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழ் உச்சரிப்பைக் கொடுங்கள். 'கெலுவார்' என்றால் வெளியே, 'மாசோக்' என்றால் உள்ளே என்ற இரண்டு மலாய்ச் சொற்களையும் சேருங்கள்.

பத்துமலைக்குப் போக சென்ட்ரலில் கே.டி.எம். கொம்முட்டர், கடைசி நிறுத்தம். தஞ்சோங் மாலிம் போகும் ரயிலும் அதே தடத்தில்தான் புறப்படும். தவறி ஏறிவிட்டால் பதற வேண்டாம், புத்ரா நிலையம் வரை இரண்டுக்கும் ஒரே பாதை. அங்கே இறங்கி அடுத்த பத்து கேவ்ஸ் ரயிலைப் பிடிக்கலாம். புத்ராவைத் தாண்டிவிட்டால் திரும்பித்தான் வரவேண்டும். இளஞ்சிவப்பு அடையாளமுள்ள பெட்டி பெண்களுக்கு மட்டும், ஆண்கள் தெரியாமல் ஏறிச் சங்கடப்படுகிறார்கள்.

மாரியம்மன் கோயிலுக்குச் சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி. நகர ரயிலில் அடுத்த நிறுத்தமான பசார் செனி. புக்கிட் பிந்தாங்குக்கு மோனோரயிலைச் சொல்லாதீர்கள். சென்ட்ரலிலிருந்து பேரங்காடிக்குள் நடந்து போகவேண்டும், ரயிலும் சிறியது, பெட்டியோடு ஏறுவது கடினம். எம்.ஆர்.டி. என்னும் இன்னொரு நகர ரயிலின் முசியம் நெகாரா நிலையத்துக்குச் சென்ட்ரலிலிருந்து உள்நடைபாதை உண்டு, அங்கிருந்து மூன்றாவது நிறுத்தம் புக்கிட் பிந்தாங்.

எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. டோக்கன் நீலநிறப் பிளாஸ்டிக் வில்லை. உள்ளே போகும்போது வாயிலின் மேல் வைத்து எடுக்கவேண்டும், வெளியே வரும்போது துளையில் போடவேண்டும். போகும்போதே துளையைத் தேடி நின்றால் பின்னால் வரிசை நீளும். இது கொம்முட்டருக்குச் செல்லாது. இரண்டு நாளுக்கு மேல் தங்குபவருக்கு பணம் நிரப்பித் தட்டிப் போகும் டச் அண்ட் கோ அட்டை வாங்கித் தாருங்கள், எல்லாவற்றிலும் செல்லும். ஒரு அட்டையில் ஒருவர்தான் போகலாம், கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனி வேண்டும். உள்ளே போகத் தட்டிய அதே அட்டையைத்தான் வெளியே வரும்போதும் தட்டவேண்டும். இதைத் தாளில் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, 'சென்ட்ரலில் நிற்கிறோம்' என்று எழுதாதீர்கள். அது நாலாபக்கமும் வாசல் உள்ள இடம். 'ஏர்போர்ட் ரயில் பயணிகள் வெளியே வரும் வாயிலுக்கு நேர் எதிரே' என்று எழுதுங்கள். நிற்பவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் அந்த வரியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
கோலாலம்பூர் ரயில்களில் அன்றாடம் போய்வரும் தமிழர்கள் சிலர்