பிளம் கேக் தின்ற மணி

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தென்காசியில் சாரல் ஓய்ந்ததையும் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்ததையும் படித்து மகிழ்ந்தேன். ஆனால், "மிக்சர், சாசேஜ், சிப்ஸ் எதையும் விடுவதில்லை, எங்களோடு சேர்ந்து தின்கிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் என் மனம் பதறிவிட்டது.

போன கிறிஸ்துமஸ் அன்று அடுத்த வீட்டிலிருந்து பிளம் கேக் வந்தது. பேரன் அதை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தான். எங்கள் நாய் மணி பாதிக்கு மேல் தின்றுவிட்டது. "அதற்கும் பண்டிகைதானே" என்று சிரித்தேன், கமலா. நள்ளிரவில் வாந்தி தொடங்கியது. விடிந்தபோது அதனால் தலையைத் தூக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கேக்கில் உலர்திராட்சை இருந்ததா?" என்பதுதான். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று அளவு சொல்லவும் முடியாதாம். ஒரு நாய் தாங்கும், இன்னொன்று ஒரு கைப்பிடியில் விழுந்துவிடும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் வாந்தி எடுக்கவைத்தே பெரும்பகுதியை வெளியேற்றியிருக்கலாம் என்றார். அந்த நேரத்தில்தான் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் சலைன் ஏற்றி, தினமும் ரத்தப் பரிசோதனை செய்து, மணியைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-இலிருந்து ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த அமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு. ஆறு வருடமாக மிஞ்சிய சாம்பார் சோற்றைத்தானே மணிக்குப் போட்டேன்! அதில் வெங்காயம் வேறு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பொடியாக்கினால் இன்னும் வீரியம். சாசேஜிலும் மசாலா சிப்ஸிலும் நூடுல்ஸ் மசாலாவிலும் பெரும்பாலும் அந்தப் பொடிதான் இருக்கிறது, உப்போடும் கொழுப்போடும்.

உன் பாட்டி வீட்டு நாய் மிச்சம் மீதியைத் தின்றே கிழமாகும்வரை வாழ்ந்ததே என்பாய். அதற்குக் கிடைத்தது நீராகாரமும் மீன் தலையும், கமலா. பாக்கெட் எதையும் அது கண்டதில்லை.

உன் மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் சர்க்கரையில்லாத சூயிங்கம், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாவற்றிலும் சைலிட்டால் என்று எழுதியிருக்கிறதா என்று இன்றே பார். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு அது. அது நாயின் உடலில் இன்சுலினைச் சுரக்கவைத்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடும். சாக்லேட்டையும் எட்டாத உயரத்தில் வை.

தெருமுனை டீக்கடையில் பொறை வாங்கித் தெருநாய்களுக்குப் போடுவது என் பழைய வழக்கம். அதைப் பற்றியும் கேட்டேன். "விஷமில்லை, ஆனால் சாப்பாடும் இல்லை" என்றார் மருத்துவர். இப்போது உப்பில்லாத சோற்றில் அவித்த முட்டையைப் பிசைந்து எடுத்துப் போகிறேன். என் காலடிச் சத்தம் கேட்டாலே நான்கும் வந்து நிற்கின்றன.

குட்டியின் எடை என்ன என்று எழுது. மணி பதினெட்டுக் கிலோ. அந்தக் கேக்கை உன் குட்டி தின்றிருந்தால் என்று நினைத்துத்தான் இரவோடு இரவாக இதை எழுதுகிறேன்.

உன்,
சரசு