தன்னார்வத் தீயணைப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், உடன் வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வண்டியும் பம்பும் நல்ல நிலையில் உள்ளன, மாதப் பயிற்சியும் தடைபடவில்லை. ஆகவே பகல் நேரத்தில் நமக்கு இருக்கும் ஆள் பற்றாக்குறையைப் பற்றியே இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்கிறேன்.

இரவில் அழைப்பு வந்தால் வண்டியில் இடம் போதுவதில்லை. வேலை நாளில், காலை பத்து மணிக்கு வந்தால் ஓட்டுநரோடு ஒருவரோ இருவரோதான் ஏறுகிறார்கள். மற்றவர்களுக்கு வேலையிடம் தொலைவில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கோ ஒவ்வொரு முறையும் மேலதிகாரியிடம் போய் நிற்கத் தயக்கம். எரியும் கட்டடத்துக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது. இருவர் சேர்ந்து நுழைய வேண்டும். அவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் மீட்க, சுவாசக் கருவியோடு வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும். பம்பை இயக்க ஒருவர், எல்லாவற்றையும் கவனித்துக் கட்டளையிட ஒருவர். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த ஆண்டு ஒரு பகல் நேர வீட்டுத் தீயில், குடும்பத்தார் எல்லோரும் வெளியே வந்துவிட்டது உறுதியான பிறகு, நம்மவர்கள் வெளியிலிருந்தே தண்ணீர் அடித்துக்கொண்டு அடுத்த நிலையத்து வண்டிக்காகக் காத்திருந்தார்கள். கூடியிருந்தவர்கள் "ஏன் உள்ளே போகாமல் நிற்கிறீர்கள்?" என்று கத்தினார்கள். அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டு விதியை மீறாமல் நின்ற உறுப்பினர்களைச் சங்கம் மனதாரப் பாராட்டுகிறது.

ஆனால் காத்திருக்க இப்போது நேரம் குறைவு. மரமும் பருத்தியுமாக இருந்த அறை முழுதாகப் பற்றிக்கொள்ள அரை மணி நேரம்கூட ஆகலாம். ஃபோம் மெத்தையும் செயற்கை இழைத் திரைச்சீலையும் நிறைந்த இன்றைய அறைக்கு ஐந்து நிமிடமே போதும் என்று ஒப்பீட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

அடுத்தது உடல்நலம். தீயணைப்புப் பணியில் ஏற்படும் பாதிப்பைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல் சேர்த்தது. அதனால் புகை படிந்த உடையை வீட்டுக்கு எடுத்துப் போவதை நிறுத்தியிருக்கிறோம். மாற்று உடை எல்லோருக்கும் இன்னும் இல்லை. அதுவரை தீ அணைந்த இடத்திலேயே தண்ணீரால் கழுவி, தனிப் பையில் கட்டி வைக்கிறோம். மாரடைப்பும் நம் பணியில் உயிர் பறிக்கும் பெரிய காரணம். இதயப் பரிசோதனையைத் தள்ளிப் போடுபவர்கள், தயவுசெய்து இந்த மாதமே போய்வாருங்கள்.

சென்ற ஆண்டு விலகியவர்களில் யாரும் பயந்து போகவில்லை. குழந்தை பிறந்தது, வேலை மாறியது, பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை. அவர்கள் திரும்பி வர விரும்பினால், நெருப்புப் பக்கமே போகாத வேலைகளும் இருக்கின்றன: உபகரணச் சோதனை, பதிவேடு, தகவல் தொடர்பு.

மூன்று தீர்மானங்களைப் பேரவை முன் வைக்கிறேன். உறுப்பினர்களின் முதலாளிகளை நிர்வாகக் குழுவே நேரில் சந்தித்து, அழைப்பு வந்தால் அனுப்பிவைக்கும்படி எழுத்து மூலம் ஒப்புதல் பெறுவது. பகல் அழைப்புகளுக்கு அடுத்த நிலையத்தாரையும் தொடக்கத்திலேயே சேர்த்து அழைப்பது. இந்த ஆண்டு நன்கொடையில் முதல் செலவாக மாற்று உடை வாங்குவது.

இப்படிக்கு,
செயலாளர்