தரங்கம்பாடி பழைய வீட்டை நூலகமாக்கும் பணியைச் சுண்ணாம்புக் கட்டுமான முறையிலேயே செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தரங்கம்பாடி ஊர்ப் பொதுமக்கள் மற்றும் சுண்ணாம்பு வேலைக் கொத்தனார்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், மயிலாடுதுறை

பொருள்: நூலகப் பணிக்கான மதிப்பீட்டைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

தரங்கம்பாடியில் அரசு வசம் பூட்டிக் கிடக்கும் பழைய மாடி வீடு நூலகமாகப் போவது எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி வெளிவந்த ஊர் இது. ஆனால் மதிப்பீட்டில் சுவருக்குச் சிமெண்ட் பூச்சும் மொட்டை மாடிக்குச் சிமெண்ட் தளமும் சேர்க்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் அந்த வீட்டைக் கெடுத்துவிடும்.

1620-இல் ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்று வந்த டேனிஷ்காரர்கள், 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அந்தக் காலத்துக் கலப்பு இவ்வீட்டில் தெரிகிறது: தெருவைப் பார்த்துத் தூண் வைத்த தாழ்வாரம், உள்ளே நம் முற்றமும் கூடமும்.

சுவர், செங்கல்லும் சுண்ணாம்பும். கடலோர நிலத்தின் உப்பு நீர் அடிவழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல் மாவாக உதிரும். எனவே 1 பங்கு நீர்த்த சுண்ணாம்புக்கு 3 பங்கு ஆற்று மணல் (கடற்கரை மணல் அறவே கூடாது), ஒரு பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மிகாமல், ஈரச்சாக்கு போட்டு குறைந்தது 7 நாள் பதப்படுத்தல் என மதிப்பீட்டில் எழுத வேண்டும். முன்பு பூசிய சிமெண்டைச் சம்மட்டியால் உடைக்காமல் சிற்றுளியால் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும்.

மாடி, மெட்ராஸ் தெரசு. தேக்கு உத்தரங்கள் மேல் செங்கல்லைக் குத்தாக, கோணவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 3 அங்குலம் போட்டு, கடுக்காய் வெல்லநீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டையான ஓடு பதித்த தளம். இதன் மேல் சிமெண்ட் போட்டால் பாரம் கூடும். வெயிலில் வெடிப்பு விடும். அதில் இறங்கும் மழைநீர் சுவருக்குள் செருகிய உத்தர நுனியில் தேங்கும். நடுமரம் நன்றாகத் தெரியும், நுனி மக்கியிருக்கும். ஒவ்வொரு நுனியையும் தட்டிப் பார்த்து, தமரூசியால் (துளையிடும் கூர் ஊசி) குத்திச் சோதித்த பிறகே தளத்தைத் தொட வேண்டும். ஐப்பசி மழையில் இந்த வேலை நிலைக்காது, மாசிக்கு மேல் தொடங்குவதே சரி.

நூலகம் என்பதால் பாரம் பற்றி ஒன்று. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் (சுமார் 200 கிலோ பாரம்) கணக்கிடுவது வழக்கம். புத்தக அடுக்கறைக்கு 6. ஆகவே அலமாரிகள் எல்லாம் கீழ்த்தளத்தில், சுவரை ஒட்டாமல் அரையடி தள்ளி இருக்கட்டும். மாடியில் வாசிப்பு மேசைகளைக்கூட உத்தரங்களைச் சோதித்த பிறகே போடலாம். கழிப்பறையைக் கொல்லையில் தனியாகக் கட்டலாம். முற்றத்தைத் தகரமோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடிவிடாதீர்கள். வெப்பக்காற்று மேலேறி வெளியேறும் வழி அதுதான். மூடினால் புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கும்.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் மதிப்பீட்டைத் திருத்தவும், மரபுக் கட்டடப் பாதுகாப்பில் அனுபவமுள்ள பொறியாளரோடு ஒரு நாள் நேரில் ஆய்வு செய்யவும் ஆணையிட வேண்டுகிறோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அன்று உடன் வருவார்கள்.

இப்படிக்கு,
தரங்கம்பாடி ஊர்ப் பொதுமக்கள் மற்றும் கொத்தனார்கள்