மூன்றாம் தவணை நிறைவும் பாடசாலை மென்பொருள் கணக்குகளும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

மூன்றாம் தவணை நிறைவடையும் இவ்வேளையில் உங்கள் அனைவருக்கும் எனது அன்பான வணக்கம். கோட்டமட்ட, வலயமட்டப் போட்டிகளில் எமது மாணவர்கள் இத்தவணையிலும் சிறப்பாகப் பங்குபற்றினர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகளையும் அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர்களையும் பாராட்டுகிறேன். மாரி மழைக்கு முன்னர் கூரையைத் திருத்தித் தந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும் பழைய மாணவர்களுக்கும் எமது நன்றி.

இனி, நாம் பயன்படுத்தும் பாடசாலை முகாமைத்துவ மென்பொருள் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது.

கடந்த மாதம் பாடசாலை விடும் நேரத்தில், தரம் 3 இல் கற்கும் ஒரு பிள்ளையை அழைத்துச் செல்ல ஒருவர் வாயிலுக்கு வந்தார். மென்பொருளில் உள்ள, பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டோர் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. ஆயினும் பிள்ளை வகுப்பாசிரியையின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்ட ஆசிரியை, உடனே தாயாருக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பெயரைத் தான் சேர்க்கவில்லை என்றார் தாயார். வந்தவர் உறவினர்தான், பிள்ளைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அன்று மாலை மென்பொருளின் பதிவுகளைப் பார்த்தபோது, முற்பகல் 10.40 மணிக்குத் தாயாரின் கணக்கிலிருந்து அப்பெயர் சேர்க்கப்பட்டது என்பது மட்டுமே தெரிந்தது. அக்கணக்கின் கடவுச்சொல்லைத் தாயார், வெளிநாட்டிலுள்ள தந்தை, ரியூஷன் ஆசிரியர், புள்ளி அறிக்கையை அச்சிட்டுக் கொடுக்கும் கொமினிக்கேஷன் கடைக்காரர் என நால்வர் அறிந்திருந்தனர். சேர்த்தவர் யார் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அக்குடும்பத்தின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

கணக்கில் நுழைபவர் யார் என்பதைக் கடவுச்சொல் உறுதிப்படுத்துகிறது. அவர் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்பதை அனுமதிகள் தீர்மானிக்கின்றன. எமது மென்பொருளில் வகுப்பாசிரியர் தன் வகுப்பை மட்டுமே பார்க்கலாம். பாட ஆசிரியர் தன் பாடத்தின் புள்ளிகளை மட்டுமே பதியலாம், பகுதித் தலைவர் அங்கீகரித்த பின்னர் அந்த ஆசிரியரும் அவற்றை மாற்ற முடியாது. கட்டணம் பதியும் எழுதுவினைஞருக்குப் பிள்ளைகளின் நோய் விபரம் தெரியாது. புள்ளிகளைத் திருத்தும் அனுமதி அதிபராகிய எனக்கும் இல்லை. அதை நானே கேட்டு நீக்குவித்தேன். இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்த அனுமதிகளும், ஒரு கணக்கை நால்வர் பயன்படுத்தும்போது பயனற்றுப் போகின்றன. வீட்டுத் திறப்பைக் கடைக்காரரிடம் கொடுத்து வைப்பவர்கள் எம்மில் எவரும் இல்லை, ஆனால் கடைக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமித்துவிட்டு வெளியேறாமல் வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள்.

கடவுச்சொல் பகிரப்படுவதற்குப் பெரும்பாலும் அலட்சியம் காரணமல்ல என்பதையும் நான் அறிவேன். படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அம்மம்மா, வெற்றிலைப் பையிலிருந்து நான்காக மடித்த கடதாசியொன்றை எடுத்து, பேரப்பிள்ளையின் புள்ளியைப் பார்த்துச் சொல்லும்படி அலுவலகத்தில் கேட்டார். கடதாசியில் மகளின் கடவுச்சொல் எழுதியிருந்தது. நுழைபவரை உறுதிப்படுத்த மென்பொருள் அனுப்பும் ஆறு இலக்கக் குறியீடோ குவைத்தில் வேலை செய்யும் மகளின் தொலைபேசிக்குச் சென்றது. மகள் வேலை முடிந்து தொலைபேசியைக் கையில் எடுப்பது இரவில்தான், அதற்குள் குறியீடு காலாவதியாகிவிடும். பிள்ளையை வளர்ப்பவர் அம்மம்மாவாக இருக்க, கணக்கைத் தாயின் பெயரில் மட்டும் திறந்து வைத்தது எமது பிழை. இடமாற்றம் பெற்றுச் சென்ற இரு ஆசிரியர்களின் கணக்குகள் பல மாதங்களாக மூடப்படாமல் இருந்ததும் அச்சம்பவத்தின் பின்னர் கணக்குகளைப் பரிசோதித்தபோது தெரியவந்தது. அவற்றை அன்றே மூடினோம். இனி விடுவிப்புக் கடிதம் வழங்கும் நாளிலேயே கணக்கும் மூடப்படும்.

முதலாம் தவணை தொடக்கம் பிள்ளையைப் பராமரிக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில், அவரவர் தொலைபேசி இலக்கத்துடன் தனிக் கணக்கு வழங்கப்படும். அம்மம்மாவோ சித்தியோ வரவையும் புள்ளிகளையும் பார்க்கலாம்; அழைத்துச் செல்வோர் பட்டியலை மாற்றும் உரிமை பெற்றோருக்கும் சட்டபூர்வப் பாதுகாவலருக்கும் மட்டுமே இருக்கும். அம்மாற்றமும் அலுவலகம் உங்கள் பதிவு செய்த இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்திய பின்னரே நடைமுறைக்கு வரும்.

ஒரு விடயத்தைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். வெளியிடப்படாத புள்ளிகளைப் பார்ப்பதற்காக ஆசிரியர் ஒருவரிடம் அவரது கடவுச்சொல்லைக் கேட்பதும், பிறருடைய கணக்கில் நுழைந்து எடுத்த படங்களை வட்ஸ்அப் குழுக்களில் இடுவதும் இப்பாடசாலையில் இனிப் பொறுத்துக்கொள்ளப்பட மாட்டாது. அதிகாரமின்றிக் கணினித் தகவலை அணுகுவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாகும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவுகளை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. கடவுச்சொல்லைக் கேட்கும் பெற்றோரின் கணக்கு நிறுத்தப்படும், கொடுக்கும் ஆசிரியர் என்னிடம் விளக்கமளிக்க வேண்டும்.

பெரும்பாலான பெற்றோர் இவ்விடயத்தில் எம்மோடு அக்கறையாக ஒத்துழைத்து வருகிறீர்கள். சிம் அட்டையை மாற்றிய அன்றே அலுவலகத்துக்கு அறிவித்தவர்களும், கடைக் கணினியில் கணக்கு திறந்திருப்பதைக் கண்டு மூடிவிட்டு எமக்குச் சொன்ன தந்தையும் எமது நன்றிக்குரியவர்கள். தொலைபேசி தொலைந்தாலோ மழைநீரில் பழுதடைந்தாலோ தயங்காமல் தெரிவியுங்கள், புதிய கடவுச்சொல் பெற்றுத் தருவோம். விண்ணப்பப் படிவங்கள் தேர்ச்சி அறிக்கையுடன் இணைக்கப்பட்டுள்ளன. வீட்டில் வாசிக்கச் சிரமப்படும் பெரியோருக்கு அலுவலகத்தில் நாமே நிரப்பித் தருவோம்.

அன்று தாயாருக்குத் தொலைபேசி எடுத்த ஆசிரியைக்கும், இச்சம்பவத்தை எழுத அனுமதித்த அத்தாயாருக்கும் எனது மனமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
அதிபர்,
மட்டக்களப்பு