நெமோவின் முடிவும் மன்னார்க் கடலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதைகளின் முடிவைச் சினிமா எப்படியெல்லாம் மாற்றியது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ பற்றிச் சொன்னது சரிதான். 1963 நாவலில் குரங்குகள் ஆளும் கோளிலிருந்து தப்பிய நாயகன் பூமிக்குத் திரும்பி பாரிஸில் வந்து இறங்கினால் எதிரே வருவது கொரில்லா. 1968 படத்திலோ மணலில் பாதி புதைந்த சுதந்திர தேவி சிலை. புயலில் சிதைந்து தனுஷ்கோடி மணலில் நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சி வயிற்றைப் பிசையும்.

ஆனால் ஜூல்ஸ் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலின் கேப்டன் நெமோவை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். 1954 டிஸ்னி படத்தின் முடிவுதான் விறுவிறுப்பு என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. நாவலில் அவருடைய நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் நார்வே கடற்சுழலில் சிக்குகிறது; நெமோ பிழைத்தாரா, தெரியாது. படத்தில் குண்டடிபட்டுச் சாகிறார், அவருடைய ரகசியத் தீவும் வெடித்துச் சிதறுகிறது.

கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் மாற்றியிருந்தால் பரவாயில்லை. நாவலின் நடுவே, எங்கள் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி விளையும் பாரில், முத்துக் குளிக்க வந்த ஓர் ஏழைக் குளியாளைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறார். பிழைத்தவன் கையில் ஒரு பை முத்தை வைக்கிறார். ஒடுக்கப்பட்ட நாட்டுக்காரன் அவன், கடைசி மூச்சுவரை நானும் அந்த நாடுதான் என்கிறார். 1857 கிளர்ச்சியில் போரிட்ட இந்திய இளவரசர் அவர் என்பது பிறகு ‘மர்மத் தீவு’ நாவலில்தான் தெரியவருகிறது. முதல் நாவல் அவரைச் சாகடிக்காமல் விட்டதால் அல்லவா அதற்கு இடம் கிடைத்தது! படம் குளியாளையும் எடுத்துவிட்டது, இந்தியரையும் எடுத்துவிட்டது. நாடில்லாத ஒருவரை வெடிவைத்துத்தான் முடிக்க முடியும். அடுத்த முறை எழுதும்போது தயவுசெய்து இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வாப்பா முப்பது வருடம் சங்கு குளித்தவர். இப்போது காது சரியாகக் கேட்காது. அந்த அத்தியாயத்தைத் தமிழில் சத்தமாகச் சொன்னேன். குளியாள் கடலுக்குள் இறங்கும் கல், கயிறு என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுறாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“தனியாவா வந்தான்? மேல கயிறு பிடிக்க ஆள் இல்லையா?”

“இல்ல வாப்பா. சீசன் தொடங்கு முன்னாடியே ஒத்தையா வந்திருக்கான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப வீட்ல ஒண்ணும் இருந்திருக்காது” என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்