ஹக் கிழித்துப் போட்ட கடிதம்

பதினொன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவத்தில் ஆங்கில வாசிப்புக்கு மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை எடுத்திருக்கிறோம். போன வாரம் ஒரு மாணவியின் அப்பா என் அறைக்கு வந்தார். “பொய் சொல்கிறான், திருடுகிறான், புகை பிடிக்கிறான், வீட்டை விட்டு ஓடுகிறான். இவனிடம் பிள்ளைகள் என்ன சார் கற்றுக்கொள்வார்கள்?” என்றார். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் புத்தகம் வெளியான 1885-லேயே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊர்ப் பொது நூலகம் இதைக் கொச்சை என்று சொல்லி ஒதுக்கிவிட்டது.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

கதை நடக்கும் காலத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றோரத்தில் பல மாநிலங்களில் அடிமை முறை சட்டப்படி செல்லும். கதையின் நாயகன் ஹக்குக்கு 13, 14 வயது இருக்கும். அவனோடு தெப்பத்தில் வரும் ஜிம், மிஸ் வாட்சன் என்பவரின் அடிமை. நியூ ஆர்லியன்ஸில் விற்றால் 800 டாலர் கிடைக்கும் என்று அந்த அம்மா பேசியது காதில் விழுந்ததும் தப்பி வந்தவர். ஹக்குக்கு ஜெபம் செய்யச் சொல்லிக்கொடுத்ததும் அதே அம்மாதான்!

தப்பிய அடிமைக்கு உதவுவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவன் ஹக். 31-ஆம் அத்தியாயத்தில் மனசாட்சி உறுத்த, ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதிவிடுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவியது போல மனசு லேசாகிறது. அப்புறம் ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. இவன் தூங்கட்டும் என்று இவனுடைய முறைக்கும் சேர்த்து ஜிம்மே கண்விழித்துக் காவல் பார்த்த இரவுகள். சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். நல்லது செய்ததாக அவன் நினைக்கவே இல்லை. தான் கெட்டுப்போனதாகத்தான் நினைக்கிறான். ஊரே சேர்ந்து சரி என்று சொல்வது தப்பாக இருந்தால், அது ஒருவனுக்கு எப்படிப் பிடிபடும்? வகுப்பில் இந்த இடத்தில் இரண்டு நாளாவது நிற்போம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இந்த நாவலில் 200 முறைக்கு மேல் வருகிறது. அதை வகுப்பில் யாரும் வாய்விட்டு வாசிக்கக் கூடாது, ஆசிரியர் உட்பட. அது ஏன் என்பதை முதல் நாளே பேசிவிடுவோம். கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து, பிடிபட்டிருக்கும் ஜிம்மை விடுவிப்பதையே விளையாட்டாக்குவது எனக்கும் பிடிக்காது. பிள்ளைகள் அதைத் திட்டி எழுதினாலும் மதிப்பெண் உண்டு.

இன்னும் தயக்கம் இருந்தால் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நூலகத்துக்கு வாருங்கள். 31-ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்து வாசிப்போம், அரை மணி நேரம் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்